கேள்வி கேட்டவர்: பீட்டர் ஓம்ட்சிக்டும் நெதர்லாந்தின் உதவித்தொகை விவகாரமும்

நெதர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவையில் 150 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேரின் பெயரைக் கேட்டால் அந்த நாட்டுக்காரர்களே விழிப்பார்கள். ஆனால் பீட்டர் ஓம்ட்சிக்டின் பெயர் தெரியாதவர் அங்கே அரிது. இத்தனைக்கும் அவர் ஒருநாளும் அமைச்சர் பதவியில் அமர்ந்ததில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உறுப்பினராகவே இருந்தார். அந்தக் காலத்தில், குழந்தைக் காப்பக உதவித்தொகையில் பெற்றோருக்கு நடந்த அநீதியை வெளிக்கொணர்ந்து, ஓர் அரசு பதவி விலகுவதற்குக் காரணமானவர்களில் ஒருவரானார். பின்னர் தனிக்கட்சி தொடங்கி மூன்றே மாதங்களில் 20 இடங்களை வென்றார். அடுத்த தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனிமனிதரின் சாகசக் கதையாகவோ சோகக் கதையாகவோ சொல்லிவிடுவது எளிது. அவர் கையில் இருந்த கருவி என்ன, அது எங்கே வேலை செய்தது, எங்கே செய்யவில்லை என்று பார்ப்பதுதான் பயனுள்ளது என்று நினைக்கிறேன். அந்தக் கருவி மிகச் சாதாரணமானது. அரசிடம் கேள்வி கேட்பது. பதில் சரியில்லை என்றால் ஆவணத்தைக் கேட்பது. ஆவணம் வந்தால் கடைசிப் பக்கம் வரை படிப்பது.

ட்வென்டேயிலிருந்து தி ஹேக் நகருக்கு

ஓம்ட்சிக்ட் 1974 ஜனவரி 8 அன்று தி ஹேக்கில் பிறந்தார். வளர்ந்தது நாட்டின் கிழக்கெல்லையில் ஜெர்மனியை ஒட்டிய ட்வென்டே வட்டாரத்தில் உள்ள போர்னே என்ற சிற்றூரில். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் புள்ளியியலும் படித்தார். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் உள்ள ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனத்தில் பொருளாதார அளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். 2003 ஜூனில் கிறிஸ்தவ ஜனநாயக முறையீட்டுக் கட்சியின் சார்பில் கீழவைக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது 29. வேளாண் குடும்பங்களும் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் மரபினரும் நீண்டகாலமாகத் தாங்கிப் பிடித்த மையவாதக் கட்சி அது. பல பத்தாண்டுகள் நாட்டை ஆண்ட கட்சியும்கூட.

தொடக்கத்தில் அவர் எடுத்துக்கொண்ட துறைகள் ஓய்வூதியமும் வரியும். செய்தியாளர்கள் ஓடிவந்து படமெடுக்கும் துறைகள் அல்ல இவை. ஆனால் கணக்குத் தெரிந்த ஒருவர் அமைச்சகத்தின் அட்டவணையைப் பார்த்து, 'இந்த எண் எப்படி வந்தது?' என்று கேட்டால் பதில் சொல்ல அதிகாரிகள் திணறும் துறைகள். அந்தப் பழக்கம்தான் பின்னாளில் அவருடைய அடையாளமானது.

இங்கே நெதர்லாந்தின் தேர்தல் முறையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு இருந்த துணிச்சலின் அடிப்படை விளங்காது. அங்கே தொகுதி கிடையாது. நாடு முழுவதும் ஒரே தொகுதிபோலத்தான். கட்சி ஒரு வேட்பாளர் பட்டியலைத் தருகிறது. கட்சிக்குக் கிடைக்கும் வாக்கு விகிதத்துக்கேற்ப பட்டியலின் மேலிருந்து கீழாக இடம் கிடைக்கும். ஆனால் வாக்காளர் கட்சிக்கு மட்டுமல்லாமல் பட்டியலில் உள்ள ஒரு பெயருக்கே வாக்களிக்கிறார். ஓர் இடத்துக்குத் தேவையான வாக்குகளில் கால் பங்கைத் தனக்கென்று பெற்றுவிடும் வேட்பாளர், பட்டியலில் எவ்வளவு கீழே இருந்தாலும் மேலே வந்துவிடலாம். இதை விருப்ப வாக்கு என்பார்கள்.

2012 தேர்தலில் கட்சித் தலைமை ஓம்ட்சிக்டை 39ஆம் இடத்தில் வைத்தது. கட்சிக்குக் கிடைத்தவை 13 இடங்கள். பட்டியல் கணக்குப்படி அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் 36,750 பேர் அவர் பெயருக்கு நேரே வட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் நிரப்பியிருந்தார்கள். ட்வென்டே மக்கள் அவரைக் கைவிடவில்லை. அன்றுமுதல் அவர் தமது இடத்துக்குக் கட்சித் தலைமைக்குக் கடமைப்பட்டவர் அல்லர். கட்சிக்கு அது தெரிந்திருந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது. பின்னாளில் நடந்த ஒவ்வொன்றுக்கும் இது முக்கியமான முன்கதை.

எல்லாவற்றிலும் அவர் சரியாகவே நடந்தார் என்று சொல்ல முடியாது. 2014 ஜூலையில் உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்எச்17 விமானத்தில் இறந்த 298 பேரில் 196 பேர் நெதர்லாந்துக்காரர்கள். அந்தக் குடும்பங்களுக்காக அவர் அயராமல் கேள்வி கேட்டார். ஆனால் 2017 மே மாதம் நடந்த ஒரு கூட்டத்தில் நேரில் பார்த்த சாட்சி என்ற தோரணையில் பேசிய ஒருவருக்கு முன்கூட்டியே வாசகம் அனுப்பி உதவினார் என்றும், அந்த நபர் உண்மையில் சாட்சியே அல்ல என்றும் அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. ஓம்ட்சிக்ட் மன்னிப்புக் கேட்டு, கட்சியின் சார்பில் எம்எச்17 பற்றிப் பேசும் பொறுப்பை விட்டுக்கொடுத்தார். தரவுகளில் கறாரான மனிதர் சறுக்கிய இடம் இது. அவரைப் போற்றுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், போகக் கூடாது.

அதே காலத்தில், ஐரோப்பிய நாடுகளின் மனித உரிமை அமைப்பான ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்றப் பேரவை அவரிடம் வேறொரு பணியை ஒப்படைத்தது. மால்டாவில் 2017 அக்டோபர் 16 அன்று கார் வெடிகுண்டால் கொல்லப்பட்ட செய்தியாளர் டாஃப்னே கருவானா கலீஸியாவின் வழக்கைப் பற்றி அறிக்கை தரும் பணி. அந்தத் தீவு நாட்டின் நீதித்துறை நியமனங்கள் முதல் பிரதமரின் அதிகார வரம்பு வரை துருவி 2019இல் அறிக்கை தந்தார். சுதந்திரமான பொது விசாரணை வேண்டும் என்று பேரவை வலியுறுத்தியது. அந்த விசாரணை நடந்து, 2021 ஜூலையில் அந்தக் கொலைக்கு வழிவிட்ட சூழலுக்கு மால்டா அரசே பொறுப்பு என்று முடிவு வெளியானது.

உதவித்தொகை எப்படிக் கடனானது

இனி மைய நிகழ்வுக்கு வருவோம். நெதர்லாந்தில் பெற்றோர் வேலைக்குப் போக, குழந்தைகளைக் காப்பகத்தில் விடுவதற்கான செலவு மிக அதிகம். அதில் பெரும்பகுதியை அரசு உதவித்தொகையாகத் தருகிறது. வருமானத்தைப் பொறுத்து ஒரு பங்கைப் பெற்றோர் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். உதவித்தொகையை வழங்கும் பொறுப்பு வரித்துறையிடம் கொடுக்கப்பட்டது. மாதந்தோறும் முன்பணமாகக் கொடுத்துவிட்டு, ஆண்டு முடிந்த பிறகு கணக்குப் பார்ப்பார்கள். முதலில் கொடு, பிறகு சரிபார் என்ற முறை.

2005இல் வந்த சட்டத்தை வரித்துறையும் நீதிமன்றமும் ஓர் இரக்கமற்ற வழியில் படித்தன. ஒரு குடும்பம் ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோ உதவித்தொகை பெற்றது என்று வைத்துக்கொள்வோம். தன் பங்கில் சில நூறு யூரோ கட்டியதற்கு ரசீது காட்ட முடியவில்லை. அந்தச் சில நூறுக்கு ஏற்ப ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டால் நியாயம். துறை கேட்டது முழுப் பத்தாயிரத்தையும். இப்படி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கேட்டால், மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்தின் தலையில் ஒரே கடிதத்தில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் யூரோ கடன் விழும். அதற்கு மேல் சிலரைத் துறை 'வேண்டுமென்றே செய்தவர், அல்லது பெரும் கவனக்குறைவு உடையவர்' என்று வகைப்படுத்தியது. அந்த முத்திரை விழுந்துவிட்டால் தவணையில் கட்டவும் வழியில்லை, கடன் சீரமைப்புத் திட்டத்திலும் சேர முடியாது.

அதற்கான சூழலை அரசியல்தான் உருவாக்கியது. 2013இல், பல்கேரியாவிலிருந்து ஆட்களை அழைத்துவந்து போலி முகவரியில் பதிவு செய்து உதவித்தொகை பறித்த ஒரு கும்பலின் மோசடி தொலைக்காட்சியில் அம்பலமானது. நாடாளுமன்றம் கொதித்தது. அந்தக் கொதிப்பில் அமைச்சகத்தைக் கடுமையாகச் சாடியவர்களில் ஓம்ட்சிக்டும் ஒருவர். மோசடியை ஒழிக்க வேண்டும் என்ற ஒருமித்த குரலுக்குச் செவிசாய்த்து வரித்துறை அதே ஆண்டில் ஒரு தனிப்படையை அமைத்தது. மோசடிக்குத் துணைபோகும் இடைத்தரகர்களைப் பிடிப்பது அதன் வேலை. ஓர் இடைத்தரகர் மீது சந்தேகம் வந்தால், அவரிடம் பதிவான பெற்றோர் எல்லோரையும் மொத்தமாக மோசடிக்காரர் கணக்கில் வைத்தார்கள். இந்த வேட்டையைத் தூண்டியவர்களில் அவரும் இருந்தார் என்பது, பின்னர் அதன் விளைவுகளை வெளிக்கொணர்ந்த ஓம்ட்சிக்டின் பாதையை மதிப்பிடும்போது மறக்கக் கூடாத செய்தி.

எயிண்ட்ஹோவன் நகரில் குழந்தைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களை ஏற்பாடு செய்துதரும் நிறுவனம் ஒன்று 2014இல் இந்தத் தனிப்படையின் பார்வையில் விழுந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் உதவித்தொகை ஒரே வீச்சில் நிறுத்தப்பட்டது. பெரும்பாலோர் வெளிநாட்டு வேர்கள் கொண்டவர்கள். என்ன காகிதம் குறைகிறது என்று கேட்டால் பதில் இல்லை. அனுப்பிய காகிதம் காணாமல் போயிற்று. மேல்முறையீடு மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. எவா கொன்சாலெஸ் பெரெஸ் என்ற வழக்கறிஞர் அந்தப் பெற்றோருக்காகத் தனியாளாகப் போராடத் தொடங்கினார். 2017 ஆகஸ்டில் தேசியக் குறைகேள் அதிகாரியின் அறிக்கை அந்தக் குடும்பங்களுக்கு அநீதி நடந்தது என்றும் ஈடுசெய்ய வேண்டும் என்றும் சொன்னது.

அதற்கும் ஐந்து மாதம் முன்னரே, 2017 மார்ச்சில், துறைக்குள்ளேயே சட்ட ஆலோசகராக இருந்த சான்ட்ரா பால்மென் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். நாம் செய்தது தவறு, இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார். அந்தக் குறிப்பை ஓரங்கட்டிவிட்டார்கள். மூன்றாண்டுகளுக்கு மேல் அது நாடாளுமன்றத்தின் கண்ணில் படவில்லை.

ஆளும் கூட்டணியிலிருந்து வந்த கேள்விகள்

2017 அக்டோபரில் பிரதமர் மார்க் ருட்டேயின் மூன்றாவது அமைச்சரவை பதவியேற்றது. நான்கு கட்சிக் கூட்டணி. 150இல் 76 இடங்கள். ஒரே ஓர் இடம் பெரும்பான்மை. அந்தக் கூட்டணியில் ஓம்ட்சிக்டின் கட்சியும் இருந்தது. ஆளும் தரப்பு உறுப்பினர் ஒருவர் அமைச்சரைத் துளைத்தெடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அங்குள்ள அரசமைப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவு, உறுப்பினர்கள் யாருடைய கட்டளைக்கும் கட்டுப்படாமல் வாக்களிப்பார்கள் என்கிறது. ஆனால் நடைமுறை வேறு. திங்கட்கிழமை தோறும் கூட்டணித் தலைவர்கள் பிரதமருடன் அமர்ந்து பேசி முடித்துவிடுவார்கள். அவையில் ஆளும் தரப்பு அமைதி காக்கும்.

ஓம்ட்சிக்ட் அமைதி காக்கவில்லை. இதுதான் இந்த நிகழ்வின் திருப்புமுனை என்று நான் கருதுகிறேன். எதிர்க்கட்சியான சோஷலிஸ்ட் கட்சியின் ரென்ஸ்கே லெய்ட்டனும் அவரும் கட்சி எல்லையைக் கடந்து இணைந்து இயங்கினார்கள். பெற்றோரின் மின்னஞ்சல்கள் இருவருக்கும் வந்தன. வழக்கறிஞர் காகிதங்களைச் சேகரித்தார். 'ட்ரோவ்' நாளிதழும் ஆர்டிஎல் செய்திப் பிரிவும் அவற்றை வெளியிட்டன. அடுத்த வாரமே அது அவையில் எழுத்து மூலமான கேள்வியாக அமைச்சரின் மேசைக்குப் போனது.

அவரது கேள்விகளின் அமைப்பைக் கவனித்தால் ஒரு கைத்திறன் தெரியும். 'இது நியாயமா?' என்று அவர் கேட்பதில்லை. அதற்கு அமைச்சர் நான்கு பத்தி வருத்தம் எழுதி அனுப்பிவிடுவார். அவர் கேட்பது, இந்தக் குறிப்பு எந்த நாள் உங்கள் மேசைக்கு வந்தது, யார் கையெழுத்திட்டார், அதற்குமுன் அவைக்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தில் ஏன் இது இல்லை, எத்தனை பெற்றோர், பட்டியல் எங்கே என்பது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் தருக என்ற வரி கூடவே இருக்கும். ஒரு பதிலுக்கும் ஆறு மாதம் முன் வந்த இன்னொரு பதிலுக்கும் இடையில் உள்ள முரணை அடுத்த கேள்வியில் பிடிப்பார்.

அதற்கு அவர் சட்டப் பிடிமானமாக வைத்துக்கொண்டது அரசமைப்புச் சட்டத்தின் 68ஆம் பிரிவு. உறுப்பினர் கேட்கும் தகவலை அமைச்சர்கள் தர வேண்டும். அரசின் நலனுக்கு ஊறு நேர்ந்தால் மட்டுமே மறுக்கலாம் என்பது அதன் சாரம். ருட்டே அரசோ, அதிகாரிகளின் உள்விவாதங்கள் தனிப்பட்ட கொள்கைக் கருத்துகள், அவற்றைக் காட்ட வேண்டியதில்லை என்ற வழக்கத்தைக் கடைப்பிடித்தது. அதிகாரிகளே தங்களுக்குள் இதை ருட்டே கோட்பாடு என்று அழைத்தது பின்னர் வெளியானது. பால்மெனின் குறிப்பு போன்றவை புதைந்து கிடந்ததற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம்.

2019 டிசம்பரில் அந்த எயிண்ட்ஹோவன் வழக்கின் பெற்றோர் தங்கள் சொந்தக் கோப்புகளைப் பார்க்கக் கேட்டார்கள். கொடுத்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு மை. சில தாள்களில் ஒரு வரிகூட மிச்சம் இல்லை. தன்னை ஏன் மோசடிக்காரி என்றார்கள் என்று அறிய வந்த தாய்க்குக் கிடைத்தது கறுப்புக் கட்டங்கள் நிறைந்த ஒரு கட்டு. அந்தப் படங்கள் தொலைக்காட்சியில் வந்த பிறகு, ஆயிரம் புள்ளிவிவரங்கள் செய்யாததை அவை செய்தன. டிசம்பர் 18 அன்று நிதித்துறை இணையமைச்சர் மென்னோ ஸ்னெல் பதவி விலகினார்.

அதற்குச் சற்று முன், அக்டோபர் 23 அன்று, நிர்வாக வழக்குகளின் உச்ச அமைப்பான அரச ஆலோசனை மன்றம் தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டது. சிறு குறைக்கு முழுத் தொகையையும் பறிக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று தீர்ப்பளித்தது. அதே சட்டம், அதே சொற்கள். அதே வார்த்தைகளை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் குடும்பங்களைத் திருப்பி அனுப்பிய மன்றம் அது. 2021இல் அது வெளிப்படையாகத் தன் தவறை ஒப்புக்கொண்டது. அதிகாரிகள் தவறிழைக்கலாம், அமைச்சர்கள் மறைக்கலாம். நீதிமன்றம் இருக்கிறது என்று நம்பிப் போனவர்களையும் அது கைவிட்டது என்பதுதான் எனக்கு இந்த விவகாரத்தில் ஆறாத பகுதி.

2020 ஜூலையில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம், பெற்றோரின் இரட்டைக் குடியுரிமை விவரங்களை வரித்துறை கையாண்ட விதம் சட்டவிரோதமானது, பாகுபாடு காட்டுவது என்று கண்டறிந்தது. பின்னர் அதற்காக 27.5 லட்சம் யூரோ அபராதமும் விதித்தது. 2020 டிசம்பர் 17 அன்று நாடாளுமன்ற விசாரணைக் குழு 'இதுவரை காணாத அநீதி' என்ற தலைப்பிலேயே அறிக்கை தந்தது. சட்டம் இயற்றிய நாடாளுமன்றம், நடைமுறைப்படுத்திய அரசு, தீர்ப்பளித்த நீதிமன்றம் ஆகிய மூன்றையும் அது குற்றம் சாட்டியது. அந்தக் குழுவின் தலைவர் கிறிஸ் ஃபான் டாமும் ஓம்ட்சிக்டின் கட்சிக்காரரே. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெற்றோருக்கும் முதற்கட்டமாக 30,000 யூரோ என்று அரசு அறிவித்தது. 2021 ஜனவரி 15 அன்று ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது.

ஒரு துண்டுத்தாளில் ஒரு வரி

தன் கூட்டணி அரசையே உலுக்கிய உறுப்பினரைக் கட்சி எப்படிப் பார்த்தது? 2020 ஜூலையில் கட்சித் தலைமைக்கான உட்கட்சித் தேர்தலில் சுகாதார அமைச்சர் ஹூகோ டி யோங்கேயிடம் ஓம்ட்சிக்ட் தோற்றார். 50.7க்கு 49.3 விழுக்காடு. டி யோங்கே டிசம்பரில் விலகியபோது, அடுத்த நிலையில் இருந்தவரைக் கேட்காமல் நிதியமைச்சர் வோப்கே ஹூக்ஸ்ட்ராவைத் தலைமைக்குக் கொண்டுவந்தார்கள். ஓம்ட்சிக்டுக்குப் பட்டியலில் இரண்டாம் இடம். 2021 மார்ச் தேர்தலில் கட்சி 15 இடங்களுக்குச் சரிந்தது. ஆனால் அவர் தனியாகப் பெற்றது 3,42,472 விருப்ப வாக்குகள். ஏறத்தாழ ஐந்து இடங்களுக்குத் தேவையான வாக்குகள் அவை.

மார்ச் 25 அன்று, அரசு அமைப்பதற்கான முதற்கட்டப் பேச்சு நடத்திக்கொண்டிருந்த காய்ஸா ஒல்லொங்ரென் தமக்குக் கொரோனா தொற்று உறுதியானதை அறிந்து அவசரமாகக் கட்டடத்தை விட்டு வெளியேறினார். கையிடுக்கில் காகிதங்கள். வாசலில் நின்ற செய்திப் படக்காரர் படமெடுத்தார். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து தெரிந்தது. 'ஓம்ட்சிக்ட் நிலை, வேறு இடத்தில் பதவி' என்று ஒரு வரி. மூன்றரை லட்சம் பேர் வாக்களித்த உறுப்பினரை அவையிலிருந்து அப்புறப்படுத்துவது பற்றி யாரோ பேசியிருக்கிறார்கள் என்பது அதன் பொருள்.

ஓம்ட்சிக்டைப் பற்றித் தாம் பேசவே இல்லை என்றார் ருட்டே. ஏப்ரல் 1 அன்று வெளியான குறிப்புகளில், அவரை அமைச்சராக்கிவிடலாம் என்ற யோசனை ருட்டேயுடனான பேச்சில் பதிவாகியிருந்தது. தமக்கு நினைவில்லாமல் போயிற்று என்றார் ருட்டே. விவாதம் மறுநாள் விடியும் நேரம் வரை நீண்டது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்றது; ஆனால் அவருடைய கூட்டணிக் கட்சிகளே கொண்டுவந்த கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. அதே மாத இறுதியில், வழக்கத்துக்கு மாறாக, அமைச்சரவைக் கூட்டக் குறிப்புகளையும் வெளியிட நேர்ந்தது. கேள்வி கேட்கும் உறுப்பினர்களைப் பற்றி அமைச்சர்கள் அலுத்துக்கொண்டதும், ஓம்ட்சிக்டை வழிக்குக் கொண்டுவர அவருடைய கட்சி அமைச்சர்களே முயன்றதும் அவற்றில் இருந்தன. பாதிக்கப்பட்ட பெற்றோரின் நிலைமையைவிட, கேள்வி கேட்பவரை எப்படிச் சமாளிப்பது என்பது பேச்சில் இடம்பிடித்திருந்தது. படித்தபோது எனக்குக் கோபம் வந்தது; இன்றும் அது தணியவில்லை.

மே மாதம் அவர் கடும் சோர்வால் நீண்ட விடுப்பில் போனார். கட்சியின் தேர்தல் தோல்வியை ஆராய்ந்த குழுவுக்கு அவர் எழுதிய 76 பக்கக் குறிப்பு ஜூனில் கசிந்தது. சொந்தக் கட்சியினர் தம்மைக் குறித்துப் பயன்படுத்திய வசைகளை அதில் எழுதியிருந்தார். ஜூன் 12 அன்று கட்சியை விட்டு விலகினார். உறுப்பினர் இடம் கட்சியுடையதல்ல, தனிநபருடையது என்பதால் செப்டம்பரில் சுயேச்சையாக அவைக்குத் திரும்பினார்.

மேசையின் மறுபக்கம்

2023 ஆகஸ்ட் 20 அன்று 'புதிய சமூக ஒப்பந்தம்' என்ற கட்சியைத் தொடங்கினார். அதன் திட்டங்களில் அவருடைய அனுபவம் அப்படியே இருந்தது. நெதர்லாந்தின் அரசமைப்புச் சட்டத்தின் 120ஆம் பிரிவு, நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அரசமைப்புக்கு முரணானதா என்று நீதிபதிகள் ஆராய்வதைத் தடுக்கிறது. அதை மாற்றி அரசமைப்பு நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்றார். உறுப்பினருக்கும் வட்டாரத்துக்கும் பிணைப்பு ஏற்படும்படி தேர்தல் முறையைத் திருத்த வேண்டும் என்றார். நவம்பர் 22 அன்று கட்சி 20 இடங்களை வென்றது. அவர் விட்டுவந்த பழைய கட்சிக்கு ஐந்து.

ஆனால் முதலிடம் தீவிர வலதுசாரியான கீர்ட் வில்டர்ஸின் சுதந்திரக் கட்சிக்கு, 37 இடங்கள். வில்டர்ஸின் தேர்தல் அறிக்கையில் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணான அம்சங்கள் இருப்பதால் அவருடன் ஆட்சி அமைக்க முடியாது என்று ஓம்ட்சிக்ட் தேர்தலுக்கு முன் சொல்லியிருந்தார். பின்னர் பேச்சுவார்த்தையில் அமர்ந்தார். 2024 பிப்ரவரி 6 அன்று, அரசின் நிதிநிலை பற்றிய ஆவணங்கள் தமக்குத் தாமதமாக வந்தன என்று சொல்லி எழுந்து போனார். மீண்டும் வந்தார். மே மாதம் உடன்பாடு எட்டியது. கட்சித் தலைவர்கள் யாரும் அமைச்சராகாமல், டிக் ஸ்கோஃப் தலைமையில் ஜூலை 2 அன்று அரசு பதவியேற்றது.

இங்கே அவருடைய கருவி அவரைக் கைவிட்டது. கேள்வி கேட்கும் உறுப்பினருக்கு ஆவணத்தில் ஒரு முரண் கிடைத்தால் அது வெற்றி. கூட்டணி பேசும் தலைவருக்கு அதே முரணைத் தெரிந்துகொண்டே, குறைந்த தகவலுடன், நாளை மாலைக்குள் ஒப்பவோ மறுக்கவோ வேண்டிய கட்டாயம். ஓம்ட்சிக்ட் இன்னொரு தாளைக் கேட்டார். அதற்கிடையில் எதிரே இருந்தவர்கள் தங்கள் நிலையை நகர்த்திக்கொண்டார்கள். தயக்கம் என்று ஊடகங்கள் எழுதின. அது தயக்கம் மட்டுமல்ல என்பது என் கருத்து. இருபது ஆண்டுகள் பழகிய வேலைமுறை. கூட்டணி அரசியல் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

கட்சி தன் கொள்கையை முற்றிலும் கைவிட்டது என்று சொன்னால் அது அநியாயம். 2024 இலையுதிர் காலத்தில் வில்டர்ஸ் கட்சி அமைச்சர் புகலிடக் கோரிக்கைகளைக் கட்டுப்படுத்த அவசரநிலைச் சட்டத்தைப் பயன்படுத்த விரும்பினார். அதற்குச் சட்ட நியாயம் போதாது என்று அதிகாரிகளே எழுதிய குறிப்புகள் அவையின் வற்புறுத்தலால் வெளியாயின. ஓம்ட்சிக்டின் கட்சி மறுத்து நின்றது, திட்டம் கைவிடப்பட்டது. அப்போது அவர் உடல்நலக் குறைவால் விடுப்பில் இருந்தார். நிக்கோலீன் ஃபான் ஃப்ரோன்ஹோவன் பொறுப்பில் இருந்தார். ஆனால் நவம்பரில் உதவித்தொகை இழப்பீட்டுக்குப் பொறுப்பான இணையமைச்சர் நோரா அஷாபர், ஆம்ஸ்டர்டாமில் ஒரு கால்பந்துப் போட்டியைச் சுற்றி இஸ்ரேலிய ரசிகர்கள் தாக்கப்பட்ட வன்முறையை ஒட்டி அமைச்சரவையிலும் கூட்டணியிலும் எழுந்த பேச்சுகளைத் தாங்காமல் விலகினார். கட்சியின் கீழவை உறுப்பினர்களில் இருவரும் வெளியேறினார்கள். அஷாபரின் இடத்துக்கு டிசம்பரில் கட்சி அனுப்பியது சான்ட்ரா பால்மெனை. 2017இல் ஓரங்கட்டப்பட்ட அந்தக் குறிப்பை எழுதியவர்தான்.

2025 ஏப்ரல் 18 அன்று ஓம்ட்சிக்ட் அரசியலை விட்டே விலகுவதாக அறிவித்தார். பழைய சோர்வு முழுமையாக நீங்கவில்லை. ஜூன் 3 அன்று வில்டர்ஸ் அரசிலிருந்து வெளியேற, அமைச்சரவை கவிழ்ந்தது. அக்டோபர் 29 தேர்தலில் புதிய சமூக ஒப்பந்தம் ஓர் இடம்கூடப் பெறவில்லை.

அவையில் நிலைத்தவை

தேர்தல் முடிவை மட்டும் வைத்து அவரை அளப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2021 ஜூலை 1 முதல், அமைச்சர் அவைக்கு ஒரு கடிதம் அனுப்பினால், அந்த முடிவை எடுக்க அவருக்கு அதிகாரிகள் தந்த முடிவுக் குறிப்பும் சேர்ந்து பொதுவெளிக்கு வருகிறது. முன்பு எந்த உறுப்பினரும் கெஞ்சியும் பெற முடியாத தாள் அது. இப்போது எந்தக் கட்சி உறுப்பினரும், எந்த மாணவரும் தரவிறக்கிப் படிக்கலாம். உதவித்தொகைச் சட்டத்தில் கடுமையைத் தளர்த்தும் பிரிவு 2020இல் சேர்க்கப்பட்டது. சிறு தவறுக்கு முழுத் தொகையையும் பறிக்க இனி இடமில்லை. ஓம்ட்சிக்ட் கொண்டுவந்த தீர்மானத்தின்படி ஐரோப்பிய கவுன்சிலின் அரசமைப்புச் சட்ட வல்லுநர் குழுவான வெனிஸ் ஆணையம் நெதர்லாந்தின் சட்டப் பாதுகாப்பு அமைப்பையே ஆராய்ந்து 2021 அக்டோபரில் கருத்துத் தெரிவித்தது. 2024 பிப்ரவரியில் முழு நாடாளுமன்ற விசாரணையின் அறிக்கையும் வந்தது. மனிதரையும் சட்டத்தையும் காணாத குருட்டுத்தனம் என்று அது அரசின் எல்லா உறுப்புகளையும் சாடியது.

இவற்றுக்கு அவர் ஒருவரே காரணம் என்று சொல்ல மாட்டேன். லெய்ட்டன் இல்லாமல், கொன்சாலெஸ் பெரெஸ் இல்லாமல், இரண்டு செய்தி நிறுவனங்களின் பிடிவாதம் இல்லாமல், தங்கள் பெயரையும் முகத்தையும் வெளியே காட்டத் துணிந்த பெற்றோர் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் ஆளும் கூட்டணிக்குள் இருந்துகொண்டு, பதவி உயர்வைப் பற்றிக் கவலைப்படாமல் கேட்டவர் அவர்தான். எதிர்க்கட்சியின் கேள்வியை அரசு அரசியல் என்று தள்ளிவிடலாம். சொந்த வரிசையிலிருந்து வரும் கேள்வியை அப்படித் தள்ள முடியாது.

இழப்பீட்டுப் பணி இன்னும் முடியவில்லை. தொடக்கத்தில் இருபதாயிரத்துச் சொச்சம் என்று மதிப்பிடப்பட்ட பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. வீட்டை இழந்தவர்கள், மணமுறிவு அடைந்தவர்கள், கடன் நெருக்கடியில் பிள்ளைகளையே அரசின் காப்பகத்துக்கு விட நேர்ந்தவர்கள் என ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பிரித்து, எந்த ஆண்டில் எவ்வளவு பறிக்கப்பட்டது என்று கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் முழுக் கோப்பும் கைக்கு வருவதற்காகப் பெற்றோர் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.